மஞ்சள் சட்டையும் மரியாதைப் பிரிவும்

பேருந்துப் பணிமனையில் அவளை எல்லோரும் மழை என்றுதான் கூப்பிடுவார்கள். தண்ணீர்க் குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் வரிசையாக நிற்கும் பஸ்களைப் பார்த்து நடந்து வந்தாலே போதும், உள்ளே காலை நீட்டித் தூங்கிக்கொண்டிருக்கும் டிரைவர்கள் "மழை வருது, ஜன்னலைச் சாத்துடா" என்று ஒருவருக்கொருவர் குரல் கொடுத்துக்கொள்வார்கள். அவள் ஏறி வந்து, "அண்ணே, எந்திரிங்க, சீட்டுக்கு அடியில துடைக்கணும்" என்று ஒரே ஒரு தடவைதான் சொல்லுவாள். அந்தக் குரலுக்கு எழுந்திருக்காத டிரைவர் இன்னும் அந்தப் பணிமனையில் வேலைக்குச் சேரவில்லை. யூனியன் தலைவரே எழுந்துவிடுவார், அதுவும் பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டு.

அப்படிப்பட்ட மழை அன்று காலையில் சட்டைப் பொத்தானை இரண்டு தடவை மாற்றிப் போட்டுக்கொண்டாள். அவளுடைய தம்பிக்கு அன்று தீர்ப்பு.

தம்பி பெயிண்டர். ஊரின் மறுகோடியில் ஒரு கடிகாரக் கடையின் கண்ணாடியை யாரோ பட்டப்பகலில் உடைத்துக் கைக்கு அகப்பட்டதை அள்ளிக்கொண்டு ஓடிவிட்டான். ஓடியவன் கையில் பெயிண்ட் இருந்ததாகக் கடைக்காரர் சொன்னார். போலீசுக்கு அது போதுமாக இருந்தது. அன்று சாயங்காலம் கையில் பெயிண்டோடு வீட்டுக்கு நடந்து வந்தவன் தம்பி. மூன்று மாதமாக உள்ளே இருக்கிறான். இன்றைக்கு அவன் பக்கம் யாரும் பேசாவிட்டால் இன்னும் இரண்டு வருஷம் இருப்பான்.

கண்ணாடி உடைந்த அந்த மதியம் தம்பி எங்கே இருந்தான் என்பது மழைக்குத் தெரியும். அவள்தான் அவனுக்குச் சாப்பாடு கொண்டுபோனாள். அவன் இருந்தது இதே நீதிமன்றத்தில், இதே பெரிய கூடத்தில். கூரைக்கு நீலம் அடித்துக்கொண்டிருந்தான். ஏணியைக் காண்ட்ராக்டர் வேறு வேலைக்கு எடுத்துப் போய்விட்டதால், அந்தக் கூடத்திலேயே உயரமான சாமானைப் பார்த்து இழுத்துப் போட்டு, மெத்தையை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, வெறுங்காலோடு ஏறி நின்றிருந்தான். அந்தச் சாமான் நீதிபதியின் நாற்காலி.

"இறங்குடா பாவி, யாராவது பார்த்தா தொலைஞ்சோம்" என்றாள் மழை.

"யாருக்கா பார்க்கப்போறா? இதுல உக்கார்றவரு நாளைக்குத்தான் வருவாரு."

இறங்கும்போது டப்பா சரிந்தது. இடது பாதம் முழுக்க நீலம். அந்தப் பாதம் நாற்காலிப் பலகையில் அப்படியே பதிந்துவிட்டது: குதிகால், வளைவு, நான்கு விரல்கள். ஐந்தாவது கிடையாது. தம்பி தவழுகிற வயதில் ஓர் இரும்புக் கதவு அதை வாங்கிக்கொண்டது. இருவரும் துணியைத் தேடுவதற்குள் பெயிண்ட் காய்ந்துவிட்டது. தம்பி மெத்தையை எடுத்து அதன்மேல் வைத்தான். "இதைத் தூக்கிப் பார்க்கணும்னு எவனுக்குத் தோணும்?" என்றான். அன்றைக்கு அது ஆறுதலாக இருந்தது.

காண்ட்ராக்டரோ, அப்படி ஒருவனைத் தன் வாழ்நாளில் பார்த்ததே இல்லை என்று கையை விரித்துவிட்டான். அரசாங்கம் அமர்த்தித் தந்த இலவச வக்கீலிடம் மழை பாதத்தைப் பற்றிச் சொன்னபோது அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, நெடுநேரம் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார்.

"அதை நான் கேட்க முடியாதும்மா. எனக்கு இன்னும் முப்பது வருஷம் இங்கதான் பிழைப்பு. ஒண்ணு பண்றேன். உங்க தம்பி எங்க இருந்தார்னு கேட்கறேன். மீதியை நீங்களே சொல்லிடுங்க. மூணு தரம் கூப்பிடுவாங்க. மூணாவதுக்கும் கூடத்துக்குள்ள இல்லன்னா சாட்சி வரலன்னு முடிச்சிடுவாங்க. அப்புறம், நல்லா உடுத்திக்கிட்டு வாங்க."

மழையிடம் நல்லதாக இருந்தது ஒன்றே ஒன்று. தம்பி முதல் சம்பளத்தில் வாங்கித் தந்த மஞ்சள் சட்டை. அதைப் போட்டுக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரியின் குதிகால் உயர்ந்த செருப்பையும் இரவல் வாங்கிக்கொண்டு கிளம்பினாள்.

நீதிமன்றத்தின் முன்வாசலில் கதவுக்கு முன்னால் இன்னொரு கதவு இருந்தது. அதன்மேல் "மரியாதைப் பிரிவு" என்று எழுதியிருந்தது. உள்ளே ஒரு மேசை. மேசைக்குப் பின்னால் மரியாதை அலுவலர். மனிதர் அப்போதுதான் பெட்டியிலிருந்து எடுத்து வைத்தமாதிரி இருந்தார். மழையைப் பார்த்ததும் ஒரு கையால் கண்ணை மறைத்துக்கொண்டு மறு கையால் இழுப்பறையிலிருந்து ஓர் அட்டையை எடுத்தார். பெயிண்ட் கடையில் கொடுக்கும் நிற அட்டையேதான். தம்பியிடம் அதுமாதிரி ஒரு கட்டு இருக்கிறது. ஆனால் இதில் இருந்த எல்லாக் கட்டங்களும் சாம்பல்.

"இது என்ன நிறம்?" என்றார்.

"மஞ்சள் சார்."

"அது எனக்கும் தெரிகிறது. ஏன் மஞ்சள்?"

"நல்ல சட்டைன்னு..."

"அம்மா, மஞ்சள் ஒரு நிறம் அல்ல. மஞ்சள் ஒரு கருத்து. சாட்சி உண்மையைச் சொல்லலாம், கருத்துச் சொல்லக் கூடாது." அட்டையைச் சட்டையின் அருகே பிடித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "போன வாரம் ஒருவர் சிவப்புச் சாக்ஸ் போட்டு வந்தார். கணுக்காலுக்கு மேலே மிகவும் நல்ல மனிதர். என்ன செய்வது, திருப்பி அனுப்பினேன்."

"சார், என் தம்பிக்கு இன்னைக்குத் தீர்ப்பு. என்னைக் கூப்பிடுவாங்க."

"கூப்பிடட்டும். கூப்பிடுவது அவர்கள் வேலை. நீங்கள் கேட்கும்படியான தோற்றத்தில் இருக்கிறீர்களா என்று பார்ப்பது என் வேலை."

அடுத்த அறையில் கோட்டுக்காரம்மா இருந்தார். தகுதியற்ற உடையில் வருகிறவர்களுக்கு அங்கே சாம்பல் கோட்டு இரவல் கிடைக்கும். எல்லாக் கோட்டும் ஒரே அளவு. நீதிமன்றம் கட்டப்பட்ட காலத்தில் மிகப் பெரிய உடம்போடு ஒரு சாட்சி வந்தாராம். அவருக்குப் போதுமென்றால் யாருக்கும் போதும் என்று அன்றே முடிவு செய்துவிட்டார்கள். மழை அதை மாட்டிக்கொண்டதும் கைகள் இரண்டும் காணாமல் போயின. கோட்டு மட்டும் தனியாக நிற்கிறாப்போல இருந்தது.

"அழகா இருக்கும்மா" என்றார் கோட்டுக்காரம்மா. "உள்ள யார் இருக்காங்கன்னே தெரியல."

செருப்பு அடுத்த பிரச்சினை. நடந்தால் சத்தம் போட்டது. சத்தம் போடும் செருப்பு, பேச அனுமதி கிடைப்பதற்கு முன்னே பேசுவதாகக் கருதப்படும் என்றார் அலுவலர். கழற்றினாள். வெறுங்கால் இன்னும் மோசமான அவமரியாதையாம். கடைசியில் கம்பளித் துணியில் தைத்த இரண்டு உறைகளைக் கொடுத்தார்கள். அதில் நடக்க முடியாது, வழுக்கிக்கொண்டு போகத்தான் முடியும். போகிற வழியெல்லாம் தரை பளபளத்தது. இந்த உறைகள் வந்தபிறகு தரை துடைக்கும் இரண்டு பேரை வேலையை விட்டு நிறுத்திவிட்டதாக அலுவலர் பெருமையோடு சொன்னார்.

"நீதியைத் தேடி வருகிறவர்கள் சும்மா நடந்து போவானேன்?"

அப்போது உள்ளேயிருந்து முதல் கூப்பாடு கேட்டது. "பெயிண்டரின் அக்கா! பெயிண்டரின் அக்கா இருக்கிறாரா?"

"சார், என்னைத்தான்!"

"இன்னும் வணக்கப் பயிற்சி இருக்கிறது" என்றார் அலுவலர்.

பயிற்சி அறையில் ஒரு முக்காலி நின்றது. அதன்மேல் "நீதிபதி" என்று ஒட்டியிருந்தது. சாட்சிகள் அதன் முன்னால் குனிந்து பழக வேண்டும். ஒரு பெரியவர் ஏற்கெனவே குனிந்திருந்தார். முதுகுவலிக்காரர். குனிந்தால் நிமிர வராது, நிமிர்ந்தால் குனிய வராது.

"எவ்வளவு நாளா வர்றீங்க ஐயா?" என்று மழை தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"என் பொண்ணுக்குக் கல்யாணம் ஆகறதுக்கு முன்னாடியிலிருந்து."

"என்ன கேஸ்?"

பெரியவர் தரையைப் பார்த்தபடி யோசித்தார். "ஞாபகம் இல்லம்மா. ஆனா குனியறது இப்போ எவ்வளவோ தேவலாம்னு சொல்றாங்க."

அலுவலர் கோலால் மழையின் கழுத்தைத் தொட்டார். "இன்னும் கொஞ்சம். இன்னும். ஆ, அங்கேயே. இது மாவட்டத்து வணக்கம். மேல் நீதிமன்றத்துக்குப் போனால் இன்னும் நான்கு விரல் கீழே போக வேண்டும்."

"சார், வெறும் நாற்காலிக்குமா குனியணும்? அவர் இல்லாதப்பவும்?"

"நாற்காலிக்குத்தான் குனிய வேண்டும். நீதிபதிகள் வருவார்கள், போவார்கள். நாற்காலி இருக்கிறது." அவருடைய குரல் கொஞ்சம் நெகிழ்ந்தது. "கேளுங்கள் அம்மா. நீதி கண்ணுக்குத் தெரியாதது. மரியாதை கண்ணுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரிவதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். தெரியாததைப் பற்றி எங்கள் பிரிவுக்கு இதுவரை ஒரு புகார்கூட வந்ததில்லை."

சுவரில் ஒரு கல் பதித்திருந்தது. அவர் கோலை அதன் பக்கம் நீட்டினார். "பாருங்கள். பெரிய கூடத்தின் கூரைக்கு ஒரே நாளில் வண்ணம் பூசி முடித்தோம். அந்த நாளைக் கல்லில் வெட்டியிருக்கிறோம்."

மழை எட்டிப் பார்த்தாள். கண்ணாடி உடைந்த அதே தேதி. அதற்குக் கீழே தலைமைப் பொறியாளர், துணைப் பொறியாளர், மேற்பார்வையாளர், மரியாதை அலுவலர் என்று வரிசையாகப் பதவிகளும் பெயர்களும். தூரிகை பிடித்தவன் மட்டும் இல்லை.

"இவங்க எல்லாருமா ஏறிப் பூசினாங்க?"

"இவர்கள் எல்லோரும் முன்னிலை வகித்தார்கள்."

இரண்டாவது கூப்பாடு வந்தது. மழை கதவைப் பார்த்தாள். அலுவலர் குறுக்கே வந்து நின்றார். வணக்கம் இன்னும் சரியாக அமையவில்லை, முழங்கையில் ஒரு பிடிவாதம் தெரிகிறது, நாளை மறுநாள் வரலாம் என்றார். அந்தச் சமயத்தில் குனிந்திருந்த பெரியவர், யாரும் சொல்லாமலே, இரண்டடி பக்கவாட்டில் நகர்ந்தார். அலுவலர் அவர்மேல் தடுக்கி, முக்காலியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விழுந்தார்.

"ஓடும்மா" என்றார் பெரியவர் தரையிடம்.

மழை ஓடவில்லை. வழுக்கினாள். மூன்றாவது கூப்பாடு முடிவதற்குள் சாம்பல் கோட்டு ஒன்று கூடத்துக்குள் சர்ரென்று வந்து சாட்சிக் கூண்டில் மோதி நின்றது.

தம்பி எதிரே நின்றான். அவளுக்கு முதலில் அடையாளமே தெரியவில்லை. அவனுக்கும் மரியாதைப் பிரிவு நடந்திருந்தது. யாருடைய கோட்டோ, யாருடைய ஷூவோ, கழுத்தில் ஒரு டை. தலையைத் தண்ணீர் விட்டுப் படிய வாரியிருந்தார்கள். கைகளை டர்பன்டைன் போட்டுத் தேய்த்து வெளுக்க வைத்திருந்தார்கள். வழக்கின் ஒரே ஆதாரம் அந்தக் கையில் இருந்த பெயிண்ட்தான். அதைக் கழுவியது யார் என்று கடிகாரக் கடைக்காரரின் வக்கீல் கோபமாகக் கேட்டார். கறையோடு நீதிமன்றத்துக்குக் கொண்டுவருவது அவமரியாதை என்று பதில் வந்தது. அவரும் ஒப்புக்கொண்டு உட்கார்ந்தார்.

மேலே, நீலக் கூரைக்குக் கீழே, உயர்ந்த நாற்காலியில் நீதிபதி இருந்தார்.

இலவச வக்கீல் எழுந்து யாரையும் பார்க்காமல் கேட்டார். "அன்று மதியம் உங்கள் தம்பி எங்கே இருந்தார்?"

"இங்கதான்." மழை கையை நீட்டினாள். கோட்டின் கை மட்டும் நீண்டு தொங்கியது.

"இங்கே என்றால்?" என்றார் நீதிபதி.

"நீங்க உக்காந்திருக்கிற இடத்துலதான் ஐயா. அவன் உக்காரல. நின்னுட்டிருந்தான். கூரைக்கு நீலம் அடிச்சான். நான் சாப்பாடு கொண்டுவந்தப்போ பார்த்தேன். அடிச்ச தேதியை நீங்களே கல்லுல வெட்டி வச்சிருக்கீங்க. அவன் பாதம் உங்க மெத்தைக்கு அடியில இருக்கு. நாலு விரல். கொஞ்சம் தூக்கிப் பாருங்க."

கூடத்தில் ஒரு பேனா விழுந்தது. அதை எடுக்க யாருக்கும் துணிவு வரவில்லை.

"ஆட்சேபணை!" என்று எதிர் வக்கீல் துள்ளினார். "இது சாட்சியம் அல்ல. இது... இது நாற்காலி!"

நீதிபதி மெதுவாகப் பேசினார். "பதினெட்டு வருஷமாக இதில் அமர்ந்திருக்கிறேன். எனக்கு அடியில் என்ன இருக்கிறது என்று ஒருநாளும் பார்த்ததில்லை. பார்க்காமல் இருப்பதுதான் இந்தப் பதவியின் கண்ணியம் என்று எனக்கு முன்னால் இருந்தவர் சொல்லிக் கொடுத்தார். அவரும் பார்த்ததில்லை."

மரியாதை அலுவலர் அதற்குள் நொண்டியபடி வந்து சேர்ந்திருந்தார். அவருக்கு இது சின்ன விஷயம். விதியை மனப்பாடமாகச் சொன்னார். நீதிபதி அமர்ந்திருக்கும்வரைதான் நீதிமன்றம். அவர் எழுந்தால் எல்லோரும் எழ வேண்டும், அவர் போகும்வரை அசையாமல் நிற்க வேண்டும், நீதிமன்றம் கலைந்தது என்று பொருள். கலைந்த நீதிமன்றத்தில் ஆதாரம் பார்க்க முடியாது. அமர்ந்திருக்கும்போதோ மெத்தையைத் தூக்க முடியாது.

நீதிபதியின் முகத்தில் நிம்மதி பரவியது. "ஆக, ஆதாரம் இருக்கலாம். ஆனால் அதைப் பார்க்க வழியில்லை. மிகவும் வருந்தத்தக்க, ஆனால் மிகவும் ஒழுங்கான நிலைமை. தீர்ப்புக்குப் போகலாமா?"

மழை தம்பியைப் பார்த்தாள். அவன் தலையை ஆட்டினான். "விடுக்கா" என்று அவன் உதடு அசைந்தது. சின்ன வயதிலிருந்து எதற்கும் விடாதவன். எட்டாத இடத்துக்கெல்லாம் எதையாவது இழுத்துப் போட்டு ஏறுகிறவன். மூன்று மாதத்தில் அவனுக்கு நன்றாகக் குனிய வந்திருந்தது.

அவளுக்குள் ஏதோ குழாய் திறந்துகொண்டது.

கோட்டின் பொத்தான்களைத் தேடினாள். கைகள் கிடைத்தன. கோட்டைக் கழற்றிக் கூண்டின்மேல் போட்டாள். கூடத்தில் மஞ்சள் பளீரென்று விழுந்தது, முன்வரிசையில் இரண்டு பேர் கண்ணைக் கொட்டினார்கள். கம்பளி உறைகளை உதறினாள். வெறுங்காலோடு படியேறி, நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்று, தினம் தினம் சொல்கிற அதே குரலில், சத்தமும் இல்லாமல் கெஞ்சலும் இல்லாமல் சொன்னாள்.

"ஐயா, எந்திரிங்க. சீட்டுக்கு அடியில துடைக்கணும்."

நீதிபதி எழுந்துவிட்டார்.

ஏன் எழுந்தோம் என்று அவர் பின்னால் பலமுறை யோசித்திருக்கலாம். எழுந்தது எழுந்ததுதான். அவர் எழுந்ததும் கூடமே எழுந்தது. கூப்பிடும் ஆள் பழக்கதோஷத்தில் "நீதிமன்றம் கலைந்தது!" என்று உரக்கக் கத்தினார். காவலர்கள் விறைத்து நின்றார்கள். நீதிபதி நிற்கும்போது அசையக் கூடாது என்பதால் மழையைப் பிடிக்க ஒருவரும் வரவில்லை.

அவள் மெத்தையைத் தூக்கினாள்.

நீலப் பாதம் அங்கே இருந்தது. அன்றைக்கு விட்டுப்போன மாதிரியே, குதிகாலில் கொஞ்சம் அழுத்தமாக, நான்கு விரல்களோடு.

"வாடா."

தம்பி வந்தான். ஷூவைக் கழற்ற நேரமாயிற்று, அடுத்தவன் ஷூ. இடது காலைத் தூக்கி நாற்காலியில் வைத்தான். நீலம் முழுசாக மறைந்தது. விரல் இல்லாத இடத்தில் நீலமும் இல்லை. காலை எடுத்தான். மறுபடி தெரிந்தது.

"துடையுங்கள்" என்றார் மரியாதை அலுவலர், அசையாமல், பல்லுக்கு நடுவிலிருந்து. "உங்கள் தொழில் அதுதானே! யாரும் பார்ப்பதற்குள் துடையுங்கள்!"

"எல்லாரும் பார்த்தாச்சு சார்." மழை மெத்தையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். "எத்தனையோ சீட்டு துடைச்சிருக்கேன். வாந்தி துடைச்சிருக்கேன், ரத்தம் துடைச்சிருக்கேன். இதை மட்டும் துடைக்க மாட்டேன். நீங்களும் கை வைக்கக் கூடாது."

"ஐயா அவர்கள் மறுபடி அமர்ந்தால் நீதிமன்றம் கூடிவிடும்" என்று எதிர் வக்கீல் கெஞ்சும் குரலில் நினைவூட்டினார்.

நீதிபதி நாற்காலியைப் பார்த்தார். அவருடைய காதுகள் சிவந்தன. "ஆதாரத்தின்மேலா?"

வேறு நாற்காலி கொண்டுவரலாம் என்றார் ஒருவர். வேறு எந்த நாற்காலியும் இந்த உயரம் இல்லை, தாழ்ந்த நாற்காலியில் அமரும் நீதிபதியின் முன்னால் எவ்வளவு குனிவது என்று விதியில் இல்லை என்றார் அலுவலர். பயிற்சி அறை முக்காலி? அதற்கு ஒரு கால் உடைந்துவிட்டது. அது எப்படி உடைந்தது என்று அவர் விளக்கவில்லை.

நீதிபதி கடைசியில் தொண்டையைச் செருமிக்கொண்டார். பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாக நின்றுகொண்டு பேசினார். அதனாலோ என்னவோ குரல் சாதாரண மனிதரின் குரல்மாதிரி இருந்தது. "இது தீர்ப்பு அல்ல. தீர்ப்புச் சொல்ல நீதிமன்றம் இல்லை, கலைந்துவிட்டது. ஆனால் கலைந்த நீதிமன்றத்துக்கு ஒருவரைப் பிடித்து வைக்கும் அதிகாரமும் இல்லை. நீதிமன்றம் மறுபடி கூட வேண்டுமானால் நான் இந்தப் பாதத்தின்மேல் உட்கார வேண்டும். உட்கார மாட்டேன்." தம்பியின் வெளுத்த கைகளைப் பார்த்தார். "போப்பா. வீட்டுக்குப் போ."

தம்பி டையைக் கழற்றிக் காவலர் தோளில் போட்டான். காவலர் அசையவில்லை. நீதிபதி இன்னும் நின்றுகொண்டிருந்தார், ஆகவே அவர்களும் நின்றுகொண்டிருந்தார்கள். அவர் எப்போது உட்காருவார், எதில் உட்காருவார் என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை.

தம்பி பழக்கத்தில் பின்கதவுப் பக்கம் திரும்பினான். அவன் அந்தக் கட்டடத்துக்குள் எப்போதும் வந்து போன வழி அது. மழை அவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தாள்.

"அந்தப் பக்கம் இல்லடா. முன்வாசல்."

பயிற்சி அறையைத் தாண்டும்போது உள்ளே எட்டிப் பார்த்தாள். முதுகுவலிக்காரர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சுவரில் நன்றாகச் சாய்ந்துகொண்டு, உடைந்த முக்காலியின்மேல் காலை நீட்டியிருந்தார்.

"போற வழியில அந்தக் கதவைத் திறந்தே வச்சிட்டுப் போம்மா" என்றார். "காத்து வரட்டும்."

வெளியே வெயில் மஞ்சளாக அடித்துக்கொண்டிருந்தது. படியில் இறங்கியதும் தம்பி நின்று திரும்பிப் பார்த்தான்.

"அக்கா, கூரையில ஒரு மூலை விட்டுப்போச்சு. பார்த்தியா? அந்தத் தூண் பக்கம், வெள்ளையாவே நிக்குது. அசிங்கமா இருக்கு."

"அவங்களே ஏறி அடிச்சுக்கட்டும்" என்றாள் மழை. "நாற்காலி காலியாத்தானே இருக்கு."